பலகைக்கு உபயம் இருக்கு, சட்டத்துக்கு யாரு?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

மாசி மகத்துக்கு அம்மனைக் கடலில் ஏற்றிச் செல்லும் நம்ம பழைய மரப் படகை இப்போ கரையில் ஏற்றி வைத்திருக்கிறோம். மேல்தளத்துப் பலகை பல இடத்தில் கால் வைத்தாலே அமுங்குது. போன கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. பழைய பலகை மேலேயே ப்ளைவூட் அடிச்சு, ஃபைபர் பூசி, சாயம் போட்டா ரெண்டு வாரத்தில் முடிஞ்சிடும், செலவும் குறைவு. நிறைய பேர் சரின்னு தலையாட்டினாங்க. நான் வேண்டாம்னு சொன்னேன். அங்கே சரியா விளக்க முடியலை, அதான் இங்கே எழுதுறேன்.

மறுநாள் படகு வேலை தெரிந்த ஒரு மலாய்க்கார துக்காங்கை அழைத்து வந்தேன். பாக் சிக் சுத்தியலால் தட்டிக்கிட்டே போனார். நல்ல மரம் கணீர்னு சத்தம் கொடுக்கும், கெட்டது பொத்துன்னு கேட்கும். மூணு பலகையைத் தூக்கிப் பார்த்தோம். அடியில் இருக்கும் குறுக்குச் சட்டத்தில் ஸ்குரூ டிரைவர் வாழைத்தண்டில் இறங்குற மாதிரி இறங்கிச்சு.

கடல் தண்ணி செய்த வேலை இல்லை இது. உப்பில் பூஞ்சை சுலபமா வளராது. இடுக்கில் இறங்கிக் காயாமல் தேங்குற மழைத் தண்ணிதான் மரத்தை உளுக்கச் செய்யும். அதை மேலே மூடிட்டா, ஈரம் வெளியே போக வழியில்லை. உள்ளே இன்னும் வேகமா கெடும், நம்ம கண்ணுக்கும் தெரியாது.

அடுத்தது பாரம். பழைய தளத்துக்கு மேல் புதுத் தளம் போட்டா படகின் மேல்பக்கம் கனம் கூடும். மேலே கனம் கூடினா படகு ஆட்டம் கொடுக்கும். அதுக்கு மேல் பீடம், அலங்காரம், குருக்கள், மேளக்காரங்க, நம்ம பிள்ளைங்க.

படகின் உடம்பு செங்கால் மரம், இன்னும் உறுதியா இருக்கு. திரெங்கானு பூலாவ் டூயோங்கில் பரம்பரையா படகு கட்டுறவங்க நம்புற மரம் அது. அதனால சரியா செய்தா இந்தப் படகு வீண் போகாது. முதலில் பழைய பலகை முழுசும் கழற்றணும். கெட்ட சட்டத்தை மாற்றணும். நடுவில் சற்று உயர்த்தி வைத்தாதான் தண்ணி ரெண்டு பக்கமும் வடியும். பிறகுதான் புதுப் பலகை. சாதாரண இரும்பு ஆணி வேண்டாம், துருப்பிடிச்சு ஓட்டையைப் பெரிசாக்கும். 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்குரூ போடலாம்.

செலவு கூடும், உண்மை. இந்த மாசி மகத்துக்குள்ள முடியாமலும் போகலாம். கோயில் திருப்பணி நடக்கும்போது பாலாலயம் செய்து காத்திருக்கிறோமே, அதே மாதிரி ஒரு வருஷம் வாடகைப் படகு எடுப்போம். அம்மன் கோவிச்சுக்க மாட்டாள். அவசரப்பட்டு நடுக்கடலில் ஒரு பலகை உடைஞ்சா யார் பதில் சொல்றது?

மேல்பலகைக்கு உபயம் தர பலர் முன்வந்திருக்காங்க, நன்றி. அடியில் இருக்கும் சட்டத்துக்கு இதுவரை யாரும் கேட்கலை. தொழிற்சாலையில் முப்பது வருஷமா பார்க்கிறேன்: ஆடிட் வருதுன்னா மெஷினுக்கு வெளியே சாயம் அடிப்பாங்க, உள்ளே பேரிங் தேய்ஞ்சு கிடக்கும். கோயிலிலும் அப்படி வேண்டாம்.

ஒரு சட்டத்துக்கு என் குடும்பத்து உபயம். பெயர் எழுத வேண்டாம், எழுதினாலும் பலகைக்கு அடியில்தானே இருக்கப் போகுது. வர்ற ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு முன்னாடி எல்லாரும் ஒரு தடவை வந்து அந்த மூணு பலகைக்கு அடியில் பாருங்க. பார்த்துட்டு முடிவு செய்வோம்.

தவறா ஏதும் சொல்லியிருந்தா மன்னிக்கவும். ஓம் சக்தி.